முன் பிரேக்கை நம்புங்கள்: பைக்கைக் குறைந்த தூரத்தில் நிறுத்துவது எப்படி

பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அப்பாவோ மாமாவோ அண்ணனோ முதல் நாளே சொல்லிவிடும் அறிவுரை ஒன்று உண்டு: "முன் பிரேக்கைத் தொடாத, கவுத்து விட்டுரும்." அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு பத்து, இருபது வருடமாகப் பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுகிறவர்கள் நம் ரோடுகளில் ஏராளம். அவர்கள் வண்டியில் இருக்கும் பிரேக் சக்தியில் பாதிக்கும் மேல் ஒருநாளும் பயன்படாமலே கிடக்கிறது, அது நிஜமாகவே தேவைப்படும் நொடியில் கையும் அதற்குப் பழகியிருக்காது. முன் பிரேக் எப்போது கவிழ்க்கும், எப்போது காப்பாற்றும் என்பதைக் கொஞ்சம் இயற்பியலோடு சேர்த்துப் புரிந்துகொண்டால் இந்தப் பயம் போய்விடும். அப்புறம் ஒரு காலி மைதானத்தில் சில நாள் காலை நேரத்தைச் செலவழித்தால் போதும்.

வண்டியை நிறுத்துவது ரோடுதான்

பிரேக் பேடும் ஷூவும் செய்கிற வேலை சக்கரத்தின் சுழற்சியைத் தடுப்பது மட்டுமே. வண்டியைப் பின்னோக்கி இழுத்து நிறுத்தும் விசை டயரும் தாரும் தொடுகிற இடத்தில்தான் பிறக்கிறது. அந்த இடம் ஒவ்வொரு டயருக்கும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு, அவ்வளவுதான். நம் உயிரும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் உயிரும் அந்த இரண்டு சிறு பரப்பை நம்பித்தான் இருக்கிறது. எண்ணெய் சிந்திய ரோட்டில் எவ்வளவு விலை கொடுத்த டிஸ்க் பிரேக்காக இருந்தாலும் சக்கரத்தை நிறுத்தும், வண்டியை நிறுத்தாது.

அந்த இடத்தில் எவ்வளவு உராய்வு கிடைக்கும் என்பது, டயரை ரோட்டின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. அழுத்தம் இரண்டு மடங்கானால் உராய்வும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை 1699-லேயே பிரான்ஸ் நாட்டு கியோம் அமோந்தோன் எழுதி வைத்துவிட்டார். ரப்பர் இந்த விதிக்கு முழுசாகக் கட்டுப்படுவதில்லை என்றாலும் நம் கணக்குக்கு இது போதும். காய்ந்த, நல்ல தார் ரோட்டில் ஒழுங்கான டயருக்கு அழுத்தும் எடையில் சுமார் 0.8 பங்கு உராய்வாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், ரோடு நனைந்தால் அது 0.5 பக்கம் இறங்கிவிடும். அதாவது டயரை 100 கிலோ எடை அழுத்தினால் காய்ந்த ரோட்டில் 80 கிலோ அளவுக்கு இழுத்து நிறுத்த முடியும். விசையை நியூட்டனில் சொல்வதுதான் முறை, ஆனால் கிலோவில் சொன்னால் எல்லோர் கைக்கும் பிடிபடும் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்கக் கிலோவிலேயே போகிறேன்.

பிரேக் பிடித்ததும் எடை எங்கே போகிறது

எல்லா விஷயமும் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். 130 கிலோ பைக், 70 கிலோ ஆள், ஆக மொத்தம் 200 கிலோ. சும்மா நிற்கும்போது முன் டயரில் 90 கிலோ, பின் டயரில் 110 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு சக்கரங்களின் மையத்துக்கும் நடுவே 1.3 மீட்டர். ஆளையும் வண்டியையும் சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 62 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், ஏறக்குறைய டேங்க்குக்குக் கீழே.

இப்போது பிரேக் பிடிக்கிறீர்கள். பின்னோக்கி இழுக்கும் விசை தரை மட்டத்தில் வேலை செய்கிறது, முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கப் பார்க்கும் எடையின் மையமோ 62 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. இந்த உயர வித்தியாசத்தால் வண்டி முன்பக்கமாகச் சாயப் பார்க்கும், அதைத் தாங்குவதற்கு முன் டயர் கூடுதலாகச் சுமக்க வேண்டியிருக்கிறது, அதே அளவு எடை பின் டயரிலிருந்து கழிகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவது இதனால்தான். எவ்வளவு எடை மாறுகிறது என்று கணக்குப் போடலாம்: மொத்த நிறையை வேகம் குறையும் வீதத்தாலும் அந்த உயரத்தாலும் பெருக்கி, சக்கர இடைவெளியால் வகுக்க வேண்டும், வருவது நியூட்டன் என்பதால் கிலோவாக்க 9.8-ஆலும் வகுக்க வேண்டும். நொடிக்கு 6 மீட்டர்/நொடி வீதம் வேகம் குறைகிற அளவுக்கு, அதாவது நன்றாகவே அழுத்திப் பிடித்தால், 58 கிலோ முன்னால் போய்விடுகிறது. முன் டயரில் 90 இருந்தது 148 ஆகிறது. பின் டயரில் 110 இருந்தது 52 ஆகிறது.

அந்த 52 கிலோவுக்கு 0.8 பங்கு என்றால் 42 கிலோ. பின் சக்கரத்தால் அந்த நேரத்தில் இழுக்க முடிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் மிதித்தால் சக்கரம் லாக் ஆகி, அதாவது சுழலாமல் வழுக்கி, வால் ஆடும். ஆனால் வண்டியை அந்த வீதத்தில் நிறுத்தத் தேவைப்படும் விசை 122 கிலோ. மீதி 80 கிலோவை யார் கொடுப்பது? முன் சக்கரம்தான், வேறு ஆள் கிடையாது.

இதே வண்டியை மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த ரோட்டில் நிறுத்துவதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால், டயர் தரக்கூடிய முழு உராய்வையும் பயன்படுத்தினாலும் பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்க 36 மீட்டர் ஆகிறது. முன் பிரேக் மட்டும் என்றால் 20 மீட்டர். இரண்டையும் சேர்த்துச் சரியாகப் பிடித்தால் 14 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாதாரணமாக யாருக்கும் அந்தக் கடைசிக் கணக்கு முழுசாகக் கைகூடாது, 18 மீட்டரில் நிறுத்தினாலே அருமையான ஓட்டுநர். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். இன்னொரு விதமாகவும் சொல்லலாம், இதைச் சொன்னால்தான் பலருக்கு உறைக்கிறது: இரண்டு பேர் அக்கம்பக்கமாக 54-ல் வருகிறார்கள், ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். இரண்டு பிரேக்கும் பிடித்தவர் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தை, பின் பிரேக் மட்டும் பிடித்தவர் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகிறார். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் கவிழ்கிறார்கள்

அப்பாக்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. முன் பிரேக் பிடித்து விழுந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் விழுந்த விதத்தைக் கேட்டுப் பாருங்கள், தலைகுப்புறக் குட்டிக்கரணம் அடித்தவர்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் முன் சக்கரம் சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்தவர்கள்தான். மேலே சொன்ன கணக்கு வண்டியின் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டுமானால் நொடிக்கு 11 மீட்டர்/நொடிக்கும் மேல் வேகம் குறைய வேண்டும், சாதாரண டயருக்குச் சாதாரண ரோட்டில் அவ்வளவு பிடிப்பே கிடையாது. அதற்கு முன்பே டயர் வழுக்க ஆரம்பித்துவிடும். குட்டையான வண்டி, உயரமான சீட், ஒட்டிப் பிடிக்கும் ரேஸ் டயர், பள்ளமான இறக்கம் என்று எல்லாம் சேர்ந்தால்தான் பின் சக்கரம் தூக்கும்.

சறுக்குவதற்குக் காரணம் நேரம். எடை முன்னால் வருவதற்கு ஒரு சின்ன அவகாசம் வேண்டும், அரை நொடிக்கும் குறைவுதான், ஆனால் வேண்டும். பிரேக்கைத் தொடுகிற முதல் கணத்தில் முன் டயரில் இன்னும் பழைய 90 கிலோதான் இருக்கிறது. அந்த 90-க்கு 72 கிலோ இழுவை மட்டுமே கிடைக்கும். பதறிப்போய் லிவரை வெடுக்கென்று முழுசாக இழுத்தால் பிரேக் கேட்பது 118 கிலோ, டயரிடம் இருப்பது 72, சக்கரம் அப்படியே லாக் ஆகிவிடுகிறது. அதே 118 கிலோவை, ஃபோர்க் அமுங்கி எடை 148 ஆன பிறகு கேட்டிருந்தால் டயர் கொடுத்திருக்கும். அதே லிவர், அதே விரல், அதே ரோடு. எவ்வளவு அழுத்தினோம் என்பதைவிட எந்த வேகத்தில் அழுத்தினோம் என்பதுதான் விழுவதையும் நிற்பதையும் முடிவு செய்கிறது.

சக்கரம் லாக் ஆனதும் இன்னொரு கெடுதலும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு சக்கர வண்டி நிமிர்ந்து ஓடுவதே, சாய்கிற பக்கம் முன் சக்கரத்தை நாம் அறியாமலே லேசாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வதால்தான். சுழல்கிற டயருக்கு மட்டுமே அப்படிப் பக்கவாட்டில் பிடித்து இழுக்கத் தெரியும். சுழலாமல் வழுக்குகிற டயர் எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது, ஒரு நொடிக்குள் வண்டி படுத்துவிடும். பின் சக்கரம் லாக் ஆனால் இவ்வளவு மோசமில்லை, ஹேண்டில் நம் கையில் இருப்பதால் வால் ஆடினாலும் நேராக வைத்திருக்க முடிகிறது. பின் பிரேக் மேல் நம் ஊரில் அவ்வளவு நம்பிக்கை வளர்ந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வால் ஆட்டத்தை உடம்பு சமாளித்துப் பழகிவிட்டது, கூடுதலாக ஓடிய 20 மீட்டர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, எப்படிப் பிடிப்பது

முதலில் ஆக்ஸிலேட்டரை மூடுங்கள், மூடுகிற அசைவோடு சேர்ந்தே இரண்டு விரல் முன் லிவரின் மேல் வந்துவிட வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு இரண்டு விரலே போதும், பழைய டிரம் பிரேக் என்றால் நான்கும் வேண்டியிருக்கும். லிவரை முதலில் தொடும் அளவுக்கு இழுங்கள், பேட் டிஸ்க்கைத் தொட்டு ஃபோர்க் அமுங்கத் தொடங்குவது மணிக்கட்டுக்கே தெரியும். அந்த அமுக்கம் வந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், தயங்க வேண்டாம், இப்போது டயரில் எடை வந்துவிட்டது. வண்டி நிற்கப் போகும் கடைசி மீட்டரில் கொஞ்சம் தளர்த்தினால் முகம் குனிந்து எழும்பும் அந்தக் குலுக்கல் இருக்காது.

பின் பிரேக்கையும் கூடவே மிதியுங்கள், ஆனால் முன்னதற்கு எதிர்மாறாக: ஆரம்பத்தில் கொஞ்சம் தாராளமாக, முன் பிரேக் ஏற ஏறக் காலை லேசாக்கிக்கொண்டே. பின் டயரின் எடை குறைந்துகொண்டே போகிறது என்பதை நினைவில் வைத்தால் இது தானாகவே வரும். கிளட்ச்சை முதலிலேயே பிடித்துவிடாதீர்கள், எஞ்சின் கொடுக்கும் இழுவையை வீணாக்குவதோடு பின் சக்கரத்தை நிதானமாக வைத்திருக்கும் பிடியும் போய்விடும். நிற்பதற்குக் கொஞ்சம் முன்பு பிடித்தால் போதும்.

உடம்பு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி நிற்கும்போது உங்கள் 70 கிலோவும் முன்னால் போகப் பார்க்கும், அதைக் கையால் ஹேண்டிலில் தாங்கினால் ஹேண்டிலைத் திருப்பிவிடுவீர்கள், லிவரையும் உங்களை அறியாமல் கூடுதலாக இழுத்துவிடுவீர்கள். முழங்காலால் டேங்க்கைக் கவ்விப் பிடித்து, முழங்கையை லேசாக மடக்கி வைத்திருங்கள். பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன் சக்கரத்துக்கு எதிரே உள்ள ரோட்டைப் பார்த்தால் ஹேண்டிலும் தலையும் சேர்ந்து குனியும், வண்டி நேராக நிற்காது.

ஸ்கூட்டரில் டேங்க் இல்லை, கால் பலகையில் பாதத்தை அழுத்தி ஊன்றி இடுப்பைப் பின்னால் வைத்துக்கொள்வதுதான் வழி. வலது கை லிவர் முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு. சிபிஎஸ் என்ற, இரண்டு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பு உள்ள ஸ்கூட்டரில் இடது லிவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அது உதவிதான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை முழுசு என்று நினைத்து வலது லிவரை விட்டுவிடக் கூடாது.

எடுத்த எடுப்பிலேயே சக்கரம் லாக் ஆகிவிட்டால்? முன் சக்கரமானால் உடனே விடுங்கள், சுழல ஆரம்பித்ததும் மறுபடி மெதுவாகப் பிடியுங்கள். இதற்கு யோசிக்க நேரம் இருக்காது, அதனால்தான் பழக வேண்டும். பின் சக்கரம் லாக் ஆகி வால் நேராகவே இருந்தால் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வால் ஒரு பக்கம் நன்றாக ஒதுங்கிவிட்ட பிறகு மட்டும் சட்டென்று விடாதீர்கள். சறுக்கிக்கொண்டிருந்த டயர் திடீரென்று ரோட்டைப் பிடித்தால் வண்டி மறுபக்கம் வெட்டி ஆளைத் தூக்கி வீசிவிடும், அது சாதாரணமாக விழுவதைவிட மோசமான விழுதல். ஹேண்டிலைப் போகிற திசையில் வைத்துக்கொண்டு, முன் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடுவதே நல்லது.

மைதானத்தில் பழகுவது, அளப்பது

இதைப் படித்ததோடு விட்டால் பயனில்லை, ஆபத்தில் கை செய்வது பழகியதைத்தான். ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, மண் இல்லாத தார் அல்லது கான்கிரீட் தரை வேண்டும். விடிகாலையில் காலியாக இருக்கும் கல்லூரி வளாகச் சாலையோ, புது லேஅவுட் ரோடோ கிடைக்கும், அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட், ஷூ, முழுக்கைச் சட்டை. கூட ஒருவர் இருந்து யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். முதலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொடும்போது முன் பிரேக்கை மட்டும், மெதுவாக. ஃபோர்க் எப்போது அமுங்குகிறது, எப்போது முழுசாக அமுங்கி நிற்கிறது என்று கையால் உணரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யலாம். பயம் போகும் கட்டம் இதுதான், அவசரப்படாதீர்கள். அப்புறம் 30, அப்புறம் 36.

36 ஏன் என்றால் கணக்கு எளிது: மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சரியாக 10 மீட்டர். கோட்டிலிருந்து முன் சக்கரம் நின்ற இடம் வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை மீட்டரோ அந்த வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வேகம் குறைந்த வீதம் கிடைக்கும். 9 மீட்டரில் நின்றால் 100-ஐ 18-ஆல் வகுக்க 5.6 வருகிறது, நல்ல பிரேக்கிங். பின் பிரேக் மட்டும் பிடித்து ஒருமுறை அளந்து பாருங்கள், 16 மீட்டர் பக்கம் ஓடும், வீதம் 3 சொச்சம். சொந்த வண்டியில், சொந்தக் கையால் அளந்த இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு முன் பிரேக்கை ஒதுக்குவதில்லை. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் வீதமும் கொஞ்சம் கூடித்தான் வரும், ஒப்பிடுவதற்கு அது தடையில்லை. போனில் உள்ள முடுக்கமானியாலும் அளக்கலாம், ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டிருக்கும் ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டி முன்னால் குனிவதால் போனும் சாய்ந்து, புவியீர்ப்பும் கணக்கில் கலந்துவிடும். டேப்தான் நம்பகமானது.

ஒரு விஷயம், மைதானத்தில் கோடு எங்கே என்று முன்பே தெரியும். ரோட்டில் தெரியாது. கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, விரல் லிவருக்குப் போய்ச் சேர ஒரு நொடி என்று வைத்துக்கொண்டாலும் 54-ல் அதற்குள் 15 மீட்டர் போய்விடுகிறது, நல்ல பிரேக்கிங் தூரத்துக்கு ஏறக்குறைய சமம். வேகம் இரண்டு மடங்கானால் இந்த யோசிக்கும் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும், பிரேக் தூரமோ நான்கு மடங்காகும். அதனால் முன்னே போகும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நொடி இடைவெளி விடுங்கள். பஸ்ஸின் வால் ஒரு புளியமரத்தைக் கடந்ததும் நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்த மரத்தை அடைந்துவிட்டால் ரொம்ப நெருங்கிப் போகிறீர்கள்.

வளைவும் மழையும் மணலும்

டயருக்கு இருப்பது ஒரே ஒரு பிடிப்பு, அதைத்தான் நிற்பதற்கும் திரும்புவதற்கும் பங்கு போட வேண்டும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 36 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப 5 மீட்டர்/நொடி² பக்கவாட்டு முடுக்கம் வேண்டும், வண்டி 27 டிகிரி சாயும். காய்ந்த ரோட்டில் மொத்தம் 7.8 (9.8-இல் 0.8 பங்கு) இருப்பதால் பிரேக்குக்கு இன்னும் 6 மிச்சம்; இரண்டு விசையும் செங்கோணத்தில் இருப்பதால் நேராகக் கழிக்காமல், வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதே வளைவு நனைந்திருந்தால் மொத்தமே 4.9-தான், திரும்புவதற்கே பத்தவில்லை, இதில் பிரேக்கையும் தொட்டால் முடிந்தது. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே நுழையுங்கள். வளைவின் நடுவில் அவசரமாக நிற்க வேண்டி வந்தால் முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், அப்புறம் பிரேக்.

மழையில் முன் பிரேக்கை விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் சரியில்லை, பங்குதான் மாறுகிறது. நனைந்த ரோட்டில் நொடிக்கு 4 மீட்டர்/நொடி வீதம்தான் நிறுத்த முடியும் என்றால் எடை 39 கிலோ மட்டுமே முன்னால் போகிறது, முன்னே 129, பின்னே 71. பின் சக்கரத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வேலை இருக்கிறது. ஆகவே முன் பிரேக்கை இன்னும் நிதானமாக, பின் பிரேக்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. கோடை முடிந்து பெய்யும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் மோசமானது, ரோட்டில் ஊறிக்கிடக்கும் எண்ணெயும் தூசியும் மிதந்து மேலே வரும். வெள்ளைக் கோடு, ஜீப்ரா கிராசிங், சாக்கடை இரும்பு மூடி ஆகியவற்றின் மேல் பிரேக் வேண்டாம்.

மணல் மழையைவிடப் பொல்லாதது, டயருக்கும் தாருக்கும் நடுவே உருளும் துகள்கள் இருந்தால் உராய்வுக் கணக்கே மாறிவிடும். அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோட்டில் காயப் போட்டிருக்கும் நெல்லும் கொள்ளும் அப்படித்தான். அதன் மேல் ஏறியாக வேண்டுமானால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, நேராக உருட்டிக் கடந்துவிடுங்கள்.

வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் கூட இதே தான். அதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள், சக்கரம் மேட்டில் ஏறும் நேரத்தில் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கால் ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கியிருந்தால் மேட்டின் அடியை வாங்க அதில் இடமே இருக்காது, இறங்கும்போது டயர் ஒரு கணம் தரையை விட்டு எழும்பினால் எடையும் இல்லை, உராய்வும் இல்லை.

பின்னால் ஆள் ஏறினால் என்ன ஆகும் என்று நிறைய பேர் கேட்பார்கள். எடை கூடினால் உராய்வும் கூடுவதால் டயரின் எல்லை அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த எல்லையைத் தொட லிவரை இன்னும் பலமாக இழுக்க வேண்டும். எடை பின்பக்கம் ஏறியிருப்பதால் பின் பிரேக்குக்கு மதிப்பு கூடுகிறது. முன் லிவரை ஆரம்பத்தில் இன்னும் நிதானமாகத் தொட வேண்டும், ஏனென்றால் முன் டயர் தொடக்கத்தில் கூடுதலாக லேசாகியிருக்கிறது.

ஏபிஎஸ் இருந்தால்

ஏபிஎஸ் என்பது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு. இந்தியாவில் 2019 ஏப்ரலில் எல்லாப் புது வண்டிகளுக்கும் நடைமுறைக்கு வந்த விதி, 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது, மற்றவற்றில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் வேண்டும் என்றது. சக்கரத்தோடு சுழலும் பல் வளையம் ஒன்றை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் திடீரென்று மெதுவானால் லாக் ஆகப் போகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும், உடனே பிரேக் அழுத்தத்தை விட்டு மறுபடி கொடுக்கும், ஒரு நொடிக்குள் பல தடவை. லிவரில் துடிப்பு மாதிரி ஒன்று தட்டும், அதைக் கண்டு பயந்து விட்டுவிடாதீர்கள், அழுத்தியே வைத்திருங்கள். சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இந்தக் காவல், பின் சக்கரம் வழக்கம்போல லாக் ஆகும். ஏபிஎஸ் லாக் ஆவதைத் தடுக்கும், இல்லாத உராய்வை உண்டாக்காது. மணலிலும் சாய்ந்த வளைவிலும் அதை நம்பி வேகமாகப் போவது தப்பு.

மலை இறங்கும்போது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40-ஐயோ இறங்கும்போது பிரச்சினை உராய்வு இல்லை, சூடு. 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நம் 200 கிலோ வண்டியை ஒருமுறை நிறுத்தினால் பிரேக்கில் சேரும் ஆற்றல் 22,500 ஜூல். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கழிக்க வேண்டியது 19,60,000 ஜூல், அதாவது 54-லிருந்து 87 தடவை நிறுத்துவதற்குச் சமம். ஆறு லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. காற்றோட்டம் அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும், ஆனால் பிரேக்கை இடைவிடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க்கில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் லிவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது.

எந்தக் கியரில் அந்த ஏற்றத்தை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள பல வண்டிகளில் கியரில் ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கும்போது எரிபொருளே போகாது, நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். பிரேக் தேவைப்படும்போது நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள், அடுத்த வளைவுவரை ஆறட்டும். ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு, வேகம் மிகவும் இறங்கினால் உள்ளே இருக்கும் கிளட்ச் விலகி அதுவும் போய்விடும், ஆகவே இடையிடையே ஒதுக்கி நிறுத்தி ஆறவைக்க வேண்டும். நின்ற உடனே டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது அதிகமில்லை. டயரில் காற்று, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு, செயின் கவரிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள், இரண்டு பேர் போவதானால் பின் டயருக்கு அதில் வேறு அளவு கொடுத்திருப்பார்கள். டயர் பட்டன் தேய்ந்திருந்தால் மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது: டாட் 4 என்ற தரவகையைச் சேர்ந்த புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155-தான். வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு மலை இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள், மெக்கானிக் "நல்லாத்தான் இருக்கு சார்" என்றாலும் மாற்றச் சொல்லுங்கள்.